கரண்டு வந்த கனவு

புதுமடம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

என் அருமை மகள் மாஷிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. இங்கே நானும் உன் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையில் சுகம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மருமகன் முஸ்அபும் பேத்தி சஃபாவும் சுகமா என்று ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. உன் தலைக்குள் இருப்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன், அது அடங்கி இருக்கிறதா. போனில் கேட்டால் நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் கண் கூசுது, தாளில் எழுதுங்க உம்மா, மெதுவா ரெண்டு தடவை படிச்சுக்குவேன் என்று நீதானே சொன்னாய், அதனால் எட்டாம் வகுப்போடு நின்ற கையை வைத்து எழுதுகிறேன். அடுத்த தெரு ஹாஜா முகைதீன் ஞாயிற்றுக்கிழமை சார்ஜாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு பார்சலையும் கொடுத்துவிடுகிறேன். கீழக்கரைத் தொதல் அல்வா, முண்டு மிளகாய் வத்தல் இடித்த தூள், சீலாக் கருவாடு. கருவாட்டை மூன்று பையில் சுற்றியிருக்கிறேன், அப்படியும் கடிதத்தில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நம் சண்டையை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் பேனாவில் இறங்காது. ரெண்டு வருஷம் முன்னால் சென்னையில் ஆபரேஷன் செய்தபோது, கட்டி பேச்சு வருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் முழுவதும் எடுக்கவில்லை, கொஞ்சம் விட்டிருக்கிறோம் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கொஞ்சம் இப்போது லேசாக வளர்ந்திருக்கிறது, முன்னால் ரெண்டு வழி இருக்கிறது என்று நீ சொன்னாய். நீ ரேடியேஷன் என்பாய், நமக்கு அது கரண்டு வைப்பதுதான், அதை இப்போதே ஆறு வாரம் வைத்துக்கொண்டு பிறகு ஒரு வருஷம் போலக் கீமோ எடுப்பது ஒன்று. கரண்டைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தினம் ஒரு புது மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுப்பது மற்றது. சென்னை டாக்டர் முதல் வழியைச் சொன்னார், அங்கே உள்ள டாக்டரம்மா ரெண்டும் சரியான வழிதான், யோசித்து நீங்களே சொல்லுங்கள் என்றார். நீ மாத்திரைப் பக்கம் சாய்கிறாய் என்று தெரிந்ததும் உன்னோடு சண்டைக்கு வந்துவிட்டேன். வளர்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு இருப்பதா, இருக்கிற வைத்தியம் எல்லாவற்றையும் இன்றைக்கே செய்து அதை ஒழித்துக்கட்ட வேண்டாமா என்றுதான் பெற்றவளுக்குத் தோன்றும். எனக்கு முந்தி நீ போய்விடுவாயோ என்கிற பயம், வேறொன்றும் இல்லை.

அதனால்தான் இஸ்திகாரா தொழுதேன். ரெண்டில் எது நல்லதோ அதன் பக்கம் திருப்பு ரப்பே என்று கேட்கிற தொழுகைதானே அது. அன்று சனிக்கிழமை, மதியம் லுஹருக்குப் பிறகு தொழுதுவிட்டு அப்படியே பாயில் சாய்ந்தேன், கண் அசந்தது. எங்கே பார்த்தாலும் இருட்டு, உன்னைத் தேடுகிறேன், யார் யாரோ கரண்டு வந்துருச்சு, கரண்டு வந்துருச்சு என்று கூவுகிறார்கள், பளிச்சென்று வெளிச்சம், நடுவில் நீ நிற்கிறாய். எழுந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அந்த ஈரம் காய்வதற்குள் உனக்குப் போன் போட்டு, அல்லாஹ்வே கரண்டு வைக்கச் சொல்லிவிட்டான், இனி உன் பேச்சுக்கு இடமில்லை என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் பத்து நாள் நான் எது அனுப்பினாலும் கட்டைவிரல் படம்தான் வந்தது. உன் வாப்பாவிடம் கனவைச் சொன்னால் அவர் பேப்பரைக்கூட மடக்கவில்லை. “அன்னைக்கு மாதப் பராமரிப்பு, காலையில இருந்து கரண்டு இல்ல. ரெண்டரைக்கு வந்துச்சு, எதுத்த வீட்டுப் புள்ளைக கத்துச்சுக. நீ டியூப் லைட்ட அணைக்காமப் படுத்துட்ட, மூஞ்சில அடிச்சுச்சு. ஈபிக்காரன் சொன்னத அல்லா சொன்னதா ஆக்காத” என்றார். ரெண்டு நாள் அவருக்குக் கஞ்சிதான் கொடுத்தேன்.

எனக்கு ஆதரவாகப் பேச ஆள் வேண்டும் என்று சுஹாவிடம் போனேன். உன்னோடு பள்ளிக்கூடம் படித்த அதே சுஹாதான், இப்போது பெண்கள் மதரஸாவில் மார்க்கம் சொல்லிக்கொடுக்கிற ஆலிமாவாக இருக்கிறாள். கனவு வந்தால்தான் பதில் என்று எங்கேயும் இல்லை மாமி என்றாள். பிறகு ஒன்று கேட்டாள் பார். “எது நல்லதோ அதக் குடுன்னு கேட்டீங்களா, இல்ல கரண்டக் குடுன்னு கேட்டீங்களா?” முடிவை நெஞ்சில் வைத்துக்கொண்டு ரப்பிடம் கையெழுத்து மட்டும் கேட்டிருக்கிறேன். நோயைச் சுமக்கிறவள் அல்லவா கேட்க வேண்டும், மாஷிதா தனக்காகத் தொழுதாளா என்று முதலில் விசாரியுங்கள் என்று அனுப்பிவிட்டாள். மருமகனைக் கூப்பிட்டேன். ஒரு மாதமாக நீ தினமும் இஸ்திகாரா தொழுகிறாய் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் தொழுதிருக்கிறாய், நான் ஒரே ஒரு நாள் தொழுதுவிட்டு ஊரையே எழுப்பியிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் வகுப்பில் உனக்கு வலிப்பு வந்ததையும் சொன்னார். முதன்முதலில் இங்கே உனக்கு வலிப்பு வந்தபோது நாங்கள் அடித்த கூத்து உனக்குத் தெரியும், ஆளாளுக்குக் கத்தி, இரும்பு கொடு இரும்பு கொடு என்று பீரோ சாவிக் கொத்தை உன் கையில் திணித்தோம். எழுந்ததும், சாவியைக் கொடுத்துவிட்டீர்கள், இனி வீடு எனக்குத்தான் என்று சிரித்தாய். அங்கே உன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒன்றுகூடக் கத்தவில்லையாமே. டீச்சருக்கு இப்படி வரும், வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயிலும் கையிலும் எதையும் திணிக்காதீர்கள், ஒருத்தர் மணி பாருங்கள் என்று வருஷம் தொடங்கும்போதே நீ பாடம் நடத்தி வைத்திருக்கிறாய். ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட் என்று ஒரு பெண்குழந்தை கைக்கடிகாரம் பார்த்துச் சொன்னதாம். நீ கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து, எந்தக் கணக்கில் விட்டோம் என்று கேட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இதுவரைக்கும் யார் விசாரித்தாலும் மகளுக்குத் தலைவலி என்று மழுப்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் உச்சிப்புளிக் கல்யாணத்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருத்தி குரலைத் தாழ்த்திக் கேட்டாள், நான் தாழ்த்தவில்லை. “என் மகளுக்கு மூளையில புத்துநோய். அத வச்சுக்கிட்டுத்தான் கணக்குப் பாடம் நடத்துறா” என்றேன். நாலு பேர் கையும் சோற்றில் நின்றுவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது, நெய்ச்சோற்றை இன்னொரு கை அள்ளிச் சாப்பிட்டேன்.

இங்கே ஆளுக்கொரு லேகியம் சொல்கிறார்கள், ஒன்றையும் நான் வாங்கவில்லை. புது மாத்திரை ஈரலைத் தொடக்கூடும், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. கருஞ்சீரகம் மட்டும் மனசு கேட்காமல் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், டாக்டரம்மாவிடம் கேட்டு, சரி என்றால் மட்டும் வாயில் போடு, இல்லை என்றால் வீசிவிடு. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாதே. அடுப்பில் எண்ணெய் காயும்போது மருமகன் பக்கத்தில் இருக்கட்டும், அவர் நல்ல பிள்ளை, வேலை வாங்கினால் கோபிக்க மாட்டார்.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படி. உன் நோட்டுப் பக்கங்களை மருமகன் படம் பிடித்து அனுப்பினார், வாப்பா பெரிதாக்கிக் காட்டினார். கோபித்துக்கொள்ளாதே, நான்தான் நச்சரித்து வாங்கினேன். ரெண்டு வழிக்கும் நடுவே கோடு கிழித்து, எது எத்தனை வருஷம் தாங்கும், எது எதைக் கெடுக்கும் என்று டாக்டரிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாய், தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதியிருக்கிறாய். கீழே உன் முடிவு. “சஃபாவுக்கு நாலு வயசு. அவ பத்தாவது எழுதுற வரைக்கும் கணக்கு நான்தான் சொல்லிக் குடுக்கணும். கரண்டு வச்சா வருஷம் போகப் போக ஞாபகம் மங்கலாம்கிறாங்க. தேவப்படுற அன்னைக்கு வச்சுக்கிறேன், இப்ப எனக்கு என் தல வேணும்.” உன் வாப்பா இதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு தெளிவாக ஒரு முடிவை நம் குடும்பத்தில் இதுவரை யாரும் எடுத்ததில்லை, அதை நான் பெற்ற பிள்ளை எடுத்திருக்கிறாள். அடுத்த பக்கத்துக்கு, வளர்ந்துவிட்டால் என்று தலைப்பு. அதற்குக் கீழே மூன்றே வரி. கரண்டு. கீமோ. உம்மாவிடம் யார் சொல்வது. முதல் ரெண்டுக்கும் எதிரே எந்த ஆஸ்பத்திரி, எத்தனை வாரம், பள்ளிக்கூடத்தில் எவ்வளவு லீவு என்று எழுதியிருக்கிறாய், மூன்றாவதுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

மகளே, தலைக்குள் இருப்பதற்கு அஞ்சாதவள் என் வாய்க்கு அஞ்சியிருக்கிறாய். நியாயம்தான், பால் பொங்கினாலும் ரயில் தவறினாலும் அப்பவே சொன்னேன்ல என்று சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தவள் நான். அந்த மூன்றாவது வரிக்கு விடையை இங்கே எழுதுகிறேன், கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள். நீயே சொல். எந்த நேரமானாலும் நேராக எனக்குச் சொல். நான் அழுவேன், அதைத் தடுக்க என்னால் ஆகாது, நீ போனை வைத்துவிடாமல் இரு. அப்பவே சொன்னேன்ல என்கிற பேச்சு மட்டும் என் வாயிலிருந்து வராது, என் ஹயாத்து உள்ளவரை வராது. வாயால் சொன்னால் நானே மறந்துபோவேன், அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

உனக்கு அல்லாஹ் நீண்ட ஹயாத்தும் நோய் நீங்கிப் பூரண ஷிஃபாவும் தரட்டும், நீ எடுத்த முடிவில் பரக்கத்துச் செய்யட்டும், ஆமீன். சஃபாவுக்கும் மருமகனுக்கும் என் துஆவைச் சொல். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதே, தூக்கத்தைக் கெடுத்து விடைத்தாள் திருத்தாதே.

உன் முடிவுக்குக் கட்டுப்பட்ட,
உன்னைப் பெற்ற உம்மா,
செய்யதலி பாத்திமா