தொண்ணூறு நாள் மண்

நாள் 81. 14 மார்ச் 2068. காலை 7.10
பழைய தோல் தொழிற்சாலை மனை, ஒன்பதாவது வார்டு. எழுதுவது ரூபாவதி, நகராட்சியின் மண் காவல். புழு ஒரு மீட்டர் இறங்கி ஏறியது. குரோம் எண் 4. பத்துக்குக் கீழே என்றால் சுத்தம். தொடர்ந்து தொண்ணூறு நாள் சுத்தம் என்று வார்டுக்காரரான நான் தினமும் கையெழுத்துப் போட்டால், இந்த மனையில் 212 வீடு எழும்பும். புழு என்றால் முழங்கை நீள இரும்புக் கருவி, மண்ணை ருசி பார்த்து எண் சொல்லும், ஒரு மீட்டர் எண்ணை நகராட்சிக்கும் தானாக அனுப்பும். நான் ஐந்தாவதுதான் படித்தேன். இதை யார் எடுத்துப் படித்தாலும் பிழை பொறுக்கவும்.

நாள் 83. 16 மார்ச். காலை 7.25
ஒரு மீட்டரில் நிறுத்தும் கயிற்றுக் கொக்கி நழுவிவிட்டது. புழு நான்கு மீட்டர் போய் நின்றது. எண் 612. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்கினேன். 618.
மேலே கிடப்பது லாரியில் கொண்டுவந்து கொட்டிய ஏரி மண். அது ஒரு மீட்டர்தான். அடியில் இருப்பது தொழிற்சாலைக் கழிவு, அப்படியே இருக்கிறது.
நகராட்சி கொடுத்த பேசும் ரேடியோவில் சுகாதார ஆய்வாளர் உமாசங்கரிடம் சொன்னேன். அவர் சொன்னது: "அக்கா, விதியில ஒரு மீட்டர்னுதான் இருக்கு. நீங்க எதுக்குப் பாதாளத்துக்குப் போறீங்க? கொக்கிய ஒழுங்கா மாட்டுங்க."

நாள் 84. 17 மார்ச். காலை 7.10
ஒரு மீட்டர்: 4. நான்கு மீட்டர்: 615. இரண்டையும் எழுதிவிட்டேன்.
14ஆம் எண் வீடு என் மூத்த மகள் சலோமிக்கு ஒதுக்கியது. ஏழு மாதம் அவளுக்கு. சின்னவள் லீதியாள் போன டிசம்பரில் போனாள், பத்தொன்பது வயது, இரண்டு சிறுநீரகமும் போயிற்று. இந்த வார்டுத் தண்ணீரால்தான் என்று டாக்டர் வாயால் சொன்னார். தாளில் எழுதிக் கேட்டேன், எழுதவில்லை.
அந்த வீடு வேண்டாம் என்று சலோமியிடம் சொன்னேன். அவள் சொன்னது: "இந்தத் தகரக் கொட்டாயிலயே பெத்துக்கவாம்மா? கதவு வச்ச கக்கூஸு இப்பத்தான் வருது எனக்கு. உன் புழுவ மூட்டகட்டி வையி."

நாள் 86. 19 மார்ச். மாலை 5.40
நகர்மன்றக் கூட்டத்துக்குப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். தலைவர் உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், முழுக்கக் கேட்டார். 615 என்றதும் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.
அப்புறம் உமாசங்கர் 1ஆம் நாளிலிருந்து 16ஆம் நாள்வரை உள்ள பக்கங்களைத் திறந்து காட்டினார். இது யார் கையெழுத்து என்று கேட்டார். என்னுடையது.
அந்தப் பதினாறு நாளும் நான் மனைக்கு வரவில்லை. லீதியாளை அடக்கம் செய்த வாரம்தான் கணக்கு துவங்கியது. உமாசங்கரிடம் விடுப்புக் கேட்டேன். நான் வரும்வரை துவங்காது, வீடும் தள்ளிப்போகும் என்றார். சாவு வீட்டுக்கே பதிவேட்டைக் கொண்டுவந்தார். சலோமி வீடு தள்ளிப்போகக் கூடாதே என்று பதினாறு பக்கத்திலும் போட்டேன். எண்களை அவர் நிரப்பிக்கொண்டார். 4, 4, 3, 4.
இதைக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். ஒளிக்கவில்லை.
அதற்கு உமாசங்கர், "அன்னைக்குப் பொய், இன்னைக்கு நெசமா அக்கா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.
தீர்மானம்: கையெழுத்துப் பதிவேடு தள்ளுபடி. புழு தானாக அனுப்பிய ஒரு மீட்டர் கணக்கு ஏற்பு, கையெழுத்து தேவையில்லை. எல்லாரும் கை தூக்கினார்கள். எங்கள் வார்டு கவுன்சிலரம்மாவும் தூக்கினார், என்னைப் பார்க்காமல்.

நாள் 90. 23 மார்ச். காலை 11.00
என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரேடியோவை வாங்கிக்கொண்டார்கள். புழுவைக் கேட்க மறந்துபோனார்கள். வீட்டையே வார்த்தெடுக்கும் அச்சு இயந்திரம் வந்து சுவர் எழுப்புகிறது, ஒரு வீட்டுக்கு நான்கு மணி நேரம். வீட்டுக் குழாய்களுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியும் பின்னால் நிற்கிறது.

2 ஜூன். பகல் 12.15
இப்போது நாள் எண் கிடையாது. 14ஆம் எண் வீட்டில் எழுதுகிறேன். சலோமியைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவது. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.
குழாய்த் தண்ணீரில் புழுவை விட்டேன். 388. சலோமியிடம் காட்டினேன். எல்லா வீட்டிலும் இதைத்தானே குடிக்கிறார்கள் என்றாள். ரெண்டு தெரு தள்ளி லாரித் தண்ணீர் பிடித்து வருகிறேன். குடம் காலியானால் குழாயைத் திறக்கிறாள். அவளும் மனுஷிதானே, தாகம் எடுக்கும்.

9 ஜூன். பகல் 2.30
குழந்தை அழுதுகொண்டே இருந்தது. மூத்திரம் நனைந்த துணியை மாற்றினேன். துவைக்கப் போடவில்லை. பிறகு கிண்ணத்தில் பிழிந்து புழுவை விட்டேன்.
எண் வர நேரமானது.
57.
சலோமி உள்ளே பால் கொடுத்துக்கொண்டு ஏதோ பாடுகிறாள். கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன