ஓட்டைக்கு மேலே நம் தீவு

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? படகை அம்மா தனியாக இழுக்க விடாதீர்கள். நான் நலம்.

நம் தீவின் அலைப்பாறையில் நீங்கள் பறித்துத் தந்த கெல்ப் பாசி வார்போலக் குறுகலாக இருந்ததே, நினைவிருக்கிறதா? ஒவ்வோர் இலையின் அடியிலும் ஓர் ஓட்டை போட்டு, வடிவம் மாறுமா என்று பார்க்க, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த, அலையில்லாத இந்த ஃபியோர்டில் நட்டிருந்தேன். நேற்று எடுத்தபோது இலைகள் பெரும்பகுதி அகன்று, ஓரமெல்லாம் நெளிநெளியாகி, இந்த ஊர்ப் பாசிபோல இருந்தன.

என் மேலாளர் ஹால்வர்ட் சிரித்தார். "பாசியை மாத்தி நட்டுட்டே, ராக்னி. தீவுக்காரங்களுக்கு எப்பவும் அவசரம். ஒரு வருஷ வேலையைக் குப்பையில போடு."

ஓர் இலையை ஈரத்தோடு அவர் மேசையில் விரித்தேன்.

"இலை அடியிலேருந்துதான் வளரும். அடியில போட்ட ஓட்டை இப்ப மேல ஏறியிருக்கு, பாருங்க. ஓட்டைக்கு மேல நுனிவரைக்கும் எங்க ஊர்ல வளர்ந்தது, குறுகல். கீழ இருக்கிறது இங்க வளர்ந்தது, அகலம். ஒரே இலை, ஹால்வர்ட். ரெண்டையும் நான் ஒட்டினேனா?"

"ஒரு இலையை வச்சு எப்படி நம்புறது?"

"வெளியில வாளியில இன்னும் நாப்பது இருக்கு. மேசை போதுமா?"

அவர் தன் காகிதங்களை ஒதுக்கிக்கொண்டார். வாளியைக் கொண்டுவந்தேன்.

தபால் படகு ஊதுகிறது. உங்கள் பழைய மழைக்கோட்டை அனுப்புங்கள். இங்கே அலை தெறிக்காது, அது தேவையில்லை என்று எனக்கும் தெரியும். துவைக்காமல் அனுப்புங்கள்.

ராக்னி