மின்சிறகன் யார் குரலில் பேசுவது

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் பாப்பாவின் சளியும் விட்டதா?

என் கால் கட்டைவிரல் சற்றே வீங்கியிருக்கிறது, பயப்படாதே. சின்ன வயதில் கடை திறக்கும் முன்பே நானும் தம்பியும் போய் நின்று வாங்கிய காமிக்ஸ் மின்சிறகன். அதன் முதல் இதழை இருபது ஆண்டு நினைவாக மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். நான் வேலை செய்யும் கிடங்கில் அந்த இதழ்கள் அடுக்கிய பெட்டி என் காலில் விழுந்தது. உலகத்தைக் காப்பவருக்குக் கீறல்கூட இல்லை. "புத்தகம் நசுங்கிடுச்சான்னு முதல்ல பாருப்பா" என்றார் மேற்பார்வையாளர். முனை மடங்கிய ஒரு பிரதியை எனக்கே கொடுத்துவிட்டார்.

நம் வீட்டுப் பழைய பிரதியைத் தம்பி பாப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறான் என்று எழுதியிருந்தாய். "சித்தப்பாதான் மின்சிறகன்!" என்று அவள் குதிக்கிறாளாம். மிக்க மகிழ்ச்சி. எனக்கு வயிறு எரிவது இங்குள்ள சாப்பாட்டால்.

ஆனால் முறை என்று ஒன்று உண்டு. வாங்கிய நாளிலிருந்து மின்சிறகனுக்கு நான் பேசுவேன், வில்லனுக்கு அவன். அவன் அழுது புரண்டபோதும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. வில்லனோடு நிறுத்திக்கொள்ளச் சொல்.

நான் போன் செய்யும்போதெல்லாம் பாப்பா தூங்கிவிடுகிறாள். ஞாயிறு மட்டும் எழுப்பி வை. என் பிரதியைப் பார்த்துப் படிக்கிறேன். அதுவரை மின்சிறகன் வாய் திறக்காமல் பறக்கட்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
அசல் மின்சிறகன்