முடிவை மறைத்து வைத்தவனுக்கு

மச்சான், நேற்று உன் மனைவி உன்னுடைய டேப்லெட்டை என்னிடம் தந்தாள். “நீங்கள் பேஸ்போல் பாக்க வைச்சிருங்கோ அண்ணை” என்றாள். ஹவுன்ஸ்லோ பஸ்ஸிலேயே அதைத் திறந்தேன். பேஸ்போல் செயலியின் முதல் பக்கத்திலேயே எல்லா ஆட்டங்களின் முடிவுகளும் வரிசையாகக் கிடந்தன. என் போனில் அப்படி ஒன்றும் தெரியாது. ‘முடிவுகளை மறை’ என்ற இடத்தில் நீதானே விரலை வைத்து அமத்தித் தந்தாய். உன்னுடையதில் நீ அமத்தவே இல்லை. நாம் ஞாயிறுகளில் சேர்ந்து பார்த்த ஆட்டங்களையெல்லாம் வெள்ளிக்கிழமையே நீ பார்த்து முடித்த அடையாளமும் இருந்தது. கள்ளன்!

நாமிருவரும் அகதிகளாக லண்டனுக்கு வந்து ஒரே அறையில் கிடந்தபோது, இந்த அமெரிக்க ஆட்டத்தைக் காசு கட்டத் தேவையில்லாத சாதாரண சானலில், ஊர் உறங்கிய பிறகு போடுவார்கள். முதல் தடவை பார்த்ததும், “அட, இது பள்ளிக்கூடத்தில தடியால அடிச்சுப்போட்டு ஓடுவமே, எங்கட எல்லே விளையாட்டடா!” என்று நீ கட்டிலில் இருந்து துள்ளினாய். விடிந்தால் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அதனால் வீடியோக் கசற்றில் பதிந்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்ப்போம். அதுவரை முடிவைக் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. சட்டம் போட்டவன் நீ. வேலையிடத்தில் ஒருவன் சொல்ல வாயெடுத்தபோது காதைப் பொத்திக்கொண்டு கழிவறைக்குள் ஓடியவனும் நீதான்.

பிறகு ஒரு வருடம் அந்தச் சானல் சொல்லாமல் கொள்ளாமல் பேஸ்போலை நிறுத்திவிட்டது. காசு கட்டும் சானலுக்கு மாறினோம். அதுவும் போய் இந்தச் செயலி வந்தது. எல்லா ஆட்டமும் உடனுக்குடன் கிடைக்கிறது, ஆனால் திறந்த உடனேயே முடிவை முகத்தில் எறிகிறது. மூன்று மணிநேர ஆட்டத்தை ஐந்து நிமிடத் துண்டாக்கித் தருகிறது. “காத்திருந்து பாக்கிற சனத்தை இவங்கள் மதிக்கிறேல்லை” என்று திட்டினாயே. நீ!

உன் வீட்டுச் சோபாவில் இருந்து, “பாரன், இப்ப மைதானத்துக்கு வெளியால அடிப்பான்” என்பாய். அடிப்பான். “உனக்கு சாத்திரம் தெரியுமோடா?” என்று நானும் வாயைப் பிளந்தேன். என்னை நன்றாகப் பேயனாக்கினாய்.

அதைக்கூட விட்டுவிடுவேன். இந்தக் கோடை முழுக்க நீ மெலிந்துகொண்டே போனாய். கேட்டேன். “சுகர் கொஞ்சம் கூடிப்போச்சு, வேறை ஒண்டுமில்லை” என்றாய். வைத்தியர் சித்திரையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுதான் உன் மனைவி அழுதுகொண்டு சொன்னாள்: “‘அவனுக்கு மட்டும் சொல்லிப்போடாதை. தெரிஞ்சா மட்ச் பாக்க மாட்டான், என்னைத்தான் பாத்துக்கொண்டிருப்பான்’ எண்டவர், அண்ணை.”

ஓமடா, உன்னைத்தான் பார்த்திருப்பேன். அதில் என்ன பிழை? முப்பது வருடப் பழக்கத்துக்கு அந்த உரிமைகூட இல்லையா?

என் போனில் முடிவுகள் இன்னும் மறைந்தே இருக்கின்றன. மாற்ற மனம் வரவில்லை. நம்முடைய கடைசி ஞாயிற்றில், ஒன்பதோடு முடியவேண்டிய ஆட்டம் பன்னிரண்டாவது இன்னிங்ஸ் வரை இழுபட்டது. எந்தப் பந்தை எவன் அடித்தான் என்று எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. முடிவை முன்பே பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த நீ அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று மட்டும் தெரியாது.