அரண்மனைக்கு முதுகு காட்டிய பொறிக்கூடுகள்

மழை அளவோடு பெய்க. மதகுகள் நிலைத்து நிற்க.

கழிநாட்டுக் காவலனும், ஏழுகண் மதகுக்கு உரியோனும், நாரைக் கொடி உயர்த்தியோனும், செவ்வாறு கடல் சேரும் பதினெட்டு முகத்துக்கும் தலைவனுமாகிய ஓதவேள், தன் உடன்பிறந்த தங்கையும், செவ்வாறு பிறக்கும் மலைகளுக்கு உரியாளும், வரையாட்டுக் கொடி உயர்த்தியாளுமாகிய குறும்பாறை நாட்டு அரசி வெண்முகை வேண்மாளுக்கு எழுதி விடுக்கும் ஓலை. நின் மலையில் தேன் குறையாதிருக்க; நின் மந்தைகள் பெருகுக; நின் அரண்மனை அடுப்புக்கு என்றும் உலர்ந்த விறகே வாய்க்க. இங்கு யாம் நலம். எம் குடிகளும் நலம். குடிகளின் நலத்துக்குக் காரணம் நீ என்று அவர்கள் சொல்லித் திரிகிறார்கள். இவ்வோலை எழுத நேர்ந்தது அதனால்தான்.

எம் மதகு காப்பான் தித்தனைச் சிறையிலிருந்து விடுவிக்க வேண்டுமென்று நீ விடுத்த ஓலை, ஐப்பசி இருபத்தாறாம் நாள் எம் கைக்கு வந்தது. எம் நாட்டுச் சிறையில் யார் இருப்பது என்பதைக் குறும்பாறையிலிருந்து சொல்லும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டு ஓர் ஓலை எழுதினோம்; கிழித்தோம். மறுநாள் வேறொன்று எழுதினோம், அதில் வசை கூடிவிட்டது என்று அமைச்சர் பணிவோடு தெரிவித்தார், அதையும் கிழித்தோம். இது மூன்றாவது. உன் வேண்டுகோளுக்கு விடை இதன் கடைசியில் இருக்கிறது. சிறு வயதில் செய்தது போலக் கடைசி ஏட்டை முதலில் புரட்டாமல், வரிசையாகப் படிக்கக் கடவாய்.

நம் தந்தையார் நாட்டைப் பிரித்தபோது எமக்குக் கடலும் கழனியும் துறைமுகமும் தந்தார். உனக்கு மலையைத் தந்தார். பெரும்பங்கு எமதே என்று ஊரறியும். ஆயினும், மழையைத் தானே எழுதிக் காட்டும் அந்த முதற்பொறியை அவர் உன் பல்லக்கில் ஏற்றினார். பாத்திரத்தில் மழை விழ விழ மிதவை உயர்வதும், மிதவையோடு எழுத்தாணி உயர்வதும், மணல் வடியும் கதியில் உருளை சுழல, அதில் சுற்றிய மை பூசிய ஓலையில் மழையின் கோடு விழுவதும் நம் இருவரையும் அருகருகே அமர்த்தி அவர் காட்டியவையே. இருந்தும் பொறி உன் பல்லக்கில் ஏறியது. துறைமுகத்தின் மேல் எமக்கு இருந்த மகிழ்ச்சி அன்றே பாதியாயிற்று.

அதனால்தான் யாமும் பொறிகள் செய்வித்தோம். செவ்வாறு இறங்கி வரும் எம் பக்கத்துச் சரிவுகளில் பன்னிரண்டு குன்றுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொறியை நிறுத்தி, மழை ஏந்தும் பாத்திரத்தை மட்டும் வெளியே விட்டு, உருளையையும் மணலையும் மழையும் காற்றும் தாக்காதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடு அமைத்தோம். உன் கூடுகள் வெறும் பலாப்பலகை என்று எம் ஒற்றர் சொன்னமையால், எம்முடையவற்றைத் தேக்கில் இழைத்து, செம்புத் தகட்டால் கூரை வேய்ந்து, இடுக்குகளையெல்லாம் அரக்கால் அடைத்து, கதவுதோறும் நாரை பொறித்தோம். நீ பத்தொன்பது கூடு வைத்திருக்கிறாய். எண்ணிக்கையில் நீ மிஞ்சினாலும் அழகில் யாம் மிஞ்ச வேண்டும் என்பதே எம் எண்ணமாயிருந்தது. அதை இப்போது மறைத்துப் பயனில்லை.

கழிநாட்டின் முறை உனக்குத் தெரியும். நீயும் இங்குதான் வளர்ந்தாய். அரசுக்குரிய எதுவும் அரண்மனைக்கு முதுகு காட்டலாகாது. சாவடியின் வாயில், களஞ்சியத்தின் கதவு, இறக்கி வைத்த பல்லக்கு எல்லாம் அரண்மனையை நோக்கியே இருக்கும். அவ்வாறே பன்னிரண்டு கூடுகளின் கதவுகளும் கிழக்கே, எம் அரண்மனையை நோக்கி வைக்கப்பட்டன. வெயிலில் பன்னிரண்டு நாரைகளும் எம் சாளரத்தை நோக்கி மின்னுவதைக் காண இன்பமாயிருந்தது. ஆனால் எல்லைக் குன்றுகளின் மேல் நீ வைத்த கூடுகளோ எமக்கு முதுகு காட்டி நின்றன. ஒன்றிரண்டு அல்ல, அத்தனையும். அண்ணன் முகத்தில் விழிக்க மனமில்லாமல் தங்கை செய்த குறும்பு என்று யாம் கொண்டோம். ஒவ்வொரு காலையும் அந்த முதுகுகளைப் பார்த்தே பல் துலக்கினோம்.

சென்ற ஆண்டு எம் பிறந்தநாளுக்குக் கூடு ஒன்று செய்து அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? உன் கூட்டைப் பார்த்து எம் கூட்டைத் திருத்திக்கொள் என்று சொல்லாமல் சொல்கிறாய் என்று எமக்கு எரிச்சல் மூண்டது. அதை எம் பொறிக்காப்பாளன் வெண்ணாகனிடம் கொடுக்கவில்லை. அரண்மனைக் கோழிகளைப் பேணும் மாசாத்தியிடம் கொடுத்து, கோழி அடைக்க ஆகும் என்றோம். அவையில் அனைவரும் சிரித்தார்கள். வெண்ணாகன் சிரிக்கவில்லை. கதவு கிழக்கே இருந்தால் கீழ்க்காற்றோடு வரும் கொண்டல் மழை நேரே உள்ளே அடிக்கும், மேற்கே திருப்ப இசைவு வேண்டும் என்று அவன் அதற்கு முன்பே ஒருமுறை பணிந்து கேட்டிருந்தான். அரண்மனைக்கு முதுகு காட்டச் சொல்கிறாயோ என்று யாம் கேட்ட கேட்பில் அவன் வாய் அன்றோடு அடைபட்டுவிட்டது.

இனி ஐப்பசி பதினோராம் நாளுக்கு வருவோம். மூன்று நாள் விடாமல் மழை. பன்னிரண்டு குன்றுகளிலிருந்தும் ஓட்டக்காரர் கொண்டுவந்த ஓலைகளில் கோடு இல்லை. மை கரைந்து வழிந்த கறுப்பே இருந்தது. பொறிகளில் மணல் நனைந்து கட்டிப்போயிருந்தது. மலையில் எத்தனை விரல் மழை விழுந்தது என்று அறியாமல் மதகைத் திறப்பது எப்படி? அளவு தெரியாமல் திறந்தால் கடலின் உப்புநீர் உள்ளேறிச் சம்பா நாற்று அழியும். திறவாமல் இருந்தால் கரை உடைந்து அல்லிவயலின் முந்நூறு வீடும் போகும். அடுத்த ஓலை வரட்டும் என்று யாம் காத்திருந்தோம். கறுப்பு ஓலைகளே வந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் உன் ஓட்டக்காரன் வந்தான். ஏழுகண் மதகைக் கடந்தல்லவா எம் அரண்மனைக்கு வர வேண்டும்? கடக்கையில், எமக்கு நீ விடுத்த மழை ஓலையை மதகில் காட்டினான். இரண்டு நாளில் நாற்பத்திரண்டு விரல் என்று உன் பொறி எழுதிய கோடு, ஒரு துளியும் படாமல், அப்போதே எழுதியது போலத் தெளிவாக இருந்ததாம். நாரை முத்திரை இல்லாத ஓலைக்கு மதகைத் திறக்கலாகாது என்பது தித்தன் அறிந்த சட்டம். அறிந்தே ஏழு கண்களையும் திறந்தான். மறுநாள் உச்சிப்பொழுதில் வெள்ளம் வந்தது. திறந்த கண்களின் வழியே கடலுக்குப் போயிற்று. அல்லிவயலில் ஒரு கூரையும் நனையவில்லை.

யாம் செய்தது என்ன? வரையாட்டு முத்திரைக்கு அஞ்சி நாரையை மறந்தவன் என்று அவனைச் சிறையிலிட்டோம்.

இதுவரை யாம் யாம் என்று எழுதி வந்தேன். இனி நான் என்றே எழுதுகிறேன். இதைச் சொல்வதற்கு யாம் என்ற சொல் பெரிதாக இருக்கிறது. அவன் சட்டம் மீறியதற்காக நான் அவனை அடைக்கவில்லை, வெண்முகை. என் மதகு உன் ஓலைக்குத் திறந்ததே, அதற்காக அடைத்தேன். என் வயிறு எரிந்தது. அல்லிவயலில் அந்த ஐப்பசியில் பிறந்த ஐந்து பெண் குழந்தைகளுக்கும் உன் பெயர் சூட்டினார்கள். குயவர்கள் வரையாட்டுப் பொம்மை செய்து விற்கிறார்கள். என் பேரனே ஒன்று வாங்கி வந்து என் மடியில் வைத்து விளையாடினான். நாட்டுக்கு அரசன் நான், நன்றி உனக்கு. இருபது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகை முதல் நாள் காலை, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, உன் கூட்டைப் பார்க்கக் கோழிக்கொட்டிலுக்குப் போனேன். ஏன் போனேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உன் கூடும் ஒழுகும், உள்ளே வைக்கோல் ஊறிக் கிடக்கும், அதை அப்படியே உனக்கு எழுதி உன் வாயை அடைக்கலாம் என்ற ஆசையால் போனேன். குடை பிடித்தவனைக்கூட அழைக்கவில்லை. கையை உள்ளே விட்டேன். வைக்கோல் காய்ந்து கதகதப்பாய் இருந்தது. அடைகாத்துக்கொண்டிருந்த கோழி என் விரலைக் கொத்தியது.

கூடு அரண்மனைக்கு முதுகு காட்டி வைக்கப்பட்டிருந்தது. மாசாத்தியை அழைத்துக் கேட்டேன். அவள் கைகூப்பி, "முறைப்படிதாங்க மொதல்ல வெச்சேன். ரெண்டு நாளு கோழி உள்ளாறயே போகல, வைக்கோலு ஊறிப்போச்சு. கோழி அரமண முறையெல்லாம் பாக்காதுங்க சாமி, மழை அடிக்கிற பக்கம் முதுகக் காட்டித்தான் குந்தும். அதான் கூட்டயும் அது குந்துன வாட்டத்துக்கே திருப்பிட்டேன். தண்டன குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க, முட்டை பொரிஞ்சப்புறம்" என்றாள்.

அந்த ஈரத்தில் நின்றே கூட்டைச் சுற்றிப் பார்த்தேன். கூரை முன்னே ஒரு முழம் நீண்டு இறங்கியிருக்கிறது. பலகைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. கால்கள் தரையை விட்டு உயர்ந்திருக்கின்றன. அடிப்பலகையில், ஒற்றர்கள் ஓட்டைப் பெட்டி என்று சொல்லிச் சிரித்த அந்தத் துளைகள் இருக்கின்றன. உள்ளே வேர்க்கும் ஈரம் அவற்றின் வழியே வடிந்துவிடுகிறது. நானோ அரக்கு பூசி அடைத்து, ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருந்தேன். உன் கூடுகள் எனக்கு முதுகு காட்டவில்லை; மழைக்கு முதுகு காட்டின. இத்தனை ஆண்டும் உன்னோடு நான் போட்ட சண்டை ஒரு கோழிக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொள்ளாமல் போட்ட சண்டை.

ஆகவே கழிநாட்டு மன்றத்தில் இன்று விதிக்கப்பட்ட ஆணைகளை நீயும் அறிவாயாக.

பன்னிரண்டு கூடுகளின் கதவுகளும் இந்தத் தேய்பிறைக்குள் மேற்கே திருப்பப்படும். அரக்கு சுரண்டப்படும்; அடியில் துளை இடப்படும்; கூரை நீட்டப்படும். வெண்ணாகன் சொன்னபடியே எல்லாம் நடக்கும். குறுக்கே பேசுவோர் என்னிடம் வந்து பேசக் கடவர். பன்னிரண்டில் ஒன்றான நாரைக்குன்றின் கூட்டை நானே போய் என் கையால் திருப்புவேன். இனி என் சாளரத்திலிருந்து பார்த்தால் அதன் முதுகுதான் தெரியும். தெரியட்டும். அரசுக்குரிய பொருள்கள் அரண்மனையை நோக்க வேண்டும் என்ற முறை தொடரும். மழைக்கூடுகள் மட்டும் அதற்கு விலக்கு. இரு நாட்டு மழை ஓலைகளுக்கும் இனி ஏழுகண் மதகில் ஒரே மதிப்பு. நாரை முத்திரைக்காக வெள்ளம் காத்திராது என்பதால் மதகு காப்பானும் காத்திருக்க வேண்டியதில்லை.

மணல் கட்டிப்போன பொறிகளைச் செப்பனிட உன் பொறித்தச்சர் இருவரை இருபது நாளுக்கு எனக்கு அனுப்ப வேண்டுகிறேன். கேட்பது கசக்கத்தான் செய்கிறது. ஆயினும் கார்த்திகை மழை இன்னும் முழுதும் மீதமிருக்கிறது. நீ தந்த கூட்டைக் குன்றுக்கு இப்போதே அனுப்ப இயலாது. குஞ்சு பொரிக்க இன்னும் ஒன்பது நாள் ஆகும் என்கிறாள் மாசாத்தி.

தித்தனைப் பற்றி. அவன் நேற்றே விடுதலை பெற்றான். சிறை வாயிலுக்கு நானே சென்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். நான் அணிந்திருந்த நாரைக் கணையாழியைக் கழற்றி அவன் விரலில் இட்டேன். மேலே சொன்ன ஐந்து குழந்தைகளில் ஒன்று அவன் மகள். தகப்பன் சிறையிலிருக்கையில் பிறந்தவள். உன் பெயரைத்தான் சூட்டியிருக்கிறாள் அவன் மனைவி. மாற்றச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது, சொல்லவில்லை. மூன்று நாள் மகளோடு இருந்துவிட்டுப் புறப்படும்படி அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். இவ்வோலை அந்த மூன்று நாளும் முத்திரையோடு காத்திருக்கும்.

கார்த்திகை இரண்டாம் நாள், மழை விட்ட சிறு பொழுதில், கழிமுக அரண்மனையின் மேற்குச் சாளரத்தருகே அமர்ந்து ஓதவேள் சொல்லியபடி எழுதி, நாரை முத்திரை இடப்பட்டது.

இவ்வோலையை உன் கையில் தருபவன் தித்தனே. நீ அவனைப் போற்றுவாய், பொன் தருவாய், உன் பொறிகளையெல்லாம் காட்டுவாய் என்று அறிவேன்; எல்லாம் செய். ஆனால் என் கணையாழி அவன் விரலில் உனக்கு முந்தியே ஏறிவிட்டது என்பதையும் பார்த்துக்கொள். அமாவாசைக்குள் அவனைத் திருப்பி அனுப்பு. அவன் எங்கள் ஆள்.