சரஸ்வதி படத்தடியில் ஆறு வாக்குகள்

செப்டெம்பர் 14, ஞாயிறு

வீட்டு வரிக்கு, அதுதான் ரேட்ஸுக்கு, உச்சவரம்பு வைக்கலாமா என்று கேட்டு நகரசபையிடமிருந்து வாக்குச் சீட்டு வந்திருக்கிறது. என் கணவர் சோதிலிங்கம் உறை பிரித்த கையோடு ‘ஆம்’ போட்டு, ஏவன்டேல் சந்தைக்குப் போகிற வழியிலேயே தபால் பெட்டிக்குள் தள்ளிவிட்டார். வெண்டிக்காய் வாங்க அரை மணி நேரம் யோசிக்கிற மனிசன்!

“வரம்பு வந்தா நகரசபை நீச்சல் குளத்தில பெண்கள் நேரத்தைத்தான் முதல்ல வெட்டுவினமாம்” என்றேன்.

“நீர் நீந்தி என்ன, ஒலிம்பிக்குக்கே போகப் போறீர்?”

இல்லையப்பா. சும்மா தாழாமல் இருக்கத்தான்.

செப்டெம்பர் 20, சனி

மிதந்தேன்! காங்கேசன்துறைக் கடலோரம் பிறந்தவள், ஐம்பத்திரண்டு வயதில், நியூ லின் பக்கத்துக் குளமொன்றில். திரை இழுத்து, பெண்கள் மட்டும் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் கால் தரையை விடச் சம்மதிக்கிறது. என்னோடு பழகுகிற கிருசாந்தி கைதட்டினாள். அடுத்தது மறுகரை.

செப்டெம்பர் 29, திங்கள்

என் சீட்டில் ‘இல்லை’ போட்டாயிற்று. அனுப்பவில்லை. அட்டமி நவமி கழியட்டும், வியாழன் விஜயதசமி. குளத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்: “புத்தகங்களோட சரஸ்வதி படத்தடியில வையுங்கோ. அதுவரைக்கும் தொடப்படாது.”

ஒக்டோபர் 2, வியாழன்

பொட்டு வைத்த உறைகளோடு, பட்டுச்சேலையில், ஆறு பேர் நூலகத்துக்கு வாக்குப் பெட்டி தேடிப் போனோம். பெட்டியே இல்லை. நேற்றோடு முடிந்துவிட்டதாம். அங்கிருந்த பிள்ளை சிரிக்காமல் சொன்னாள், பாவம்.

ஐயோ, என்ர வாயாலதானே எல்லாரையும் நிப்பாட்டினன்!

ஒக்டோபர் 11, சனி

வரம்பு வென்றது. இவர் கேசரி கேட்டார். கிண்டிக் கொடுத்தேன், சீனி போடாமல்.

நவம்பர் 29, சனி

பெண்கள் நேரம் இன்றோடு சரி. புதிதாய்ப் பழகுகிறவர்களின் வகுப்பும் போகிறது. மறுகரையைத் தொடவில்லை. பாதியில் பயந்து காலூன்றிவிட்டேன். உடுப்பு மாற்றுகிற அறையில் கிருசாந்தி அழுதாள். நானும்தான்.

பெப்ரவரி 10, செவ்வாய்

இவருக்கு நாரிப் பிடிப்பு, இடுப்பை அசைக்க முடியவில்லை. வைத்தியர் நீந்தச் சொன்னாராம். வரி மிச்சம் பிடித்த மகாராசாவுக்கு மிதக்கக்கூடத் தெரியாது.

“இஞ்சரும், புதுசாப் பழகிற ஆக்களுக்கு வகுப்பு ஏதும் இருக்கே?”

“இருந்தது.”

கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு, மெல்ல:

“அப்ப நீர் பழக்குவீரே?”

“ஓம். விஜயதசமி வரட்டும், தொடங்குவம்” என்றேன்.