கேட்டில் கொடுக்க முடியாத பேனா

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். அப்பாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தேன். உள்ளே மாம்பழ வாசனை. நவம்பரில் ஏது மாம்பழம். நேற்று கொடுத்தனுப்பியது புளிச்சாதமும் அப்பளமும்.

பையை உள்பக்கம் திருப்பினேன். ஸ்பூன் வைக்கிற சின்ன அறையில் பிசுபிசுப்பு. பேனா அங்கே இருந்திருக்கிறது.

வீட்டில் அதற்குப் பேனா என்றுதான் பெயர். வேப், அதாவது பேட்டரி சிகரெட், என்று சத்தமாகச் சொல்ல முடியாது, தடை செய்த சாமான், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் சுவர் ஒரு செங்கல் கனம்தான். சிகரெட்டை விட்டதிலிருந்து அப்பா அதைத்தான் இழுக்கிறார். தாஸ் மாமா யார் மூலமோ வாங்கி வருவார். அதில் ஊற்றுகிற மாம்பழ வாசனைத் தண்ணியில் நிகோடின். முதலில் 18 என்று போட்ட பாட்டில். அப்புறம் 12. போன ஞாயிறு, கல்லறைத் திருநாளிலிருந்து 6. அடுத்தது 3, அதற்கடுத்து வெறும் வாசனை, அதற்கடுத்து ஒன்றுமில்லை. இதுதான் திட்டம். ஊற்றுவது என் வேலை. அப்பாவுக்கு விரல் தடிமன், பாதி வெளியே போகும். கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவணும், விஷம். பாட்டில் பீரோவுக்கு மேலே, மாதா படத்துக்குப் பின்னால்.

பேனா வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அதுவும் திட்டத்தில் உண்டு. கிளம்புவதற்கு முன் கொஞ்சம், வந்தபிறகு கொஞ்சம். 12 இருந்தவரை அப்படித்தான் நடந்தது.

பைக்குள் போயிருக்கிறது என்றால் லாரிக்குள் போயிருக்கிறது.

அப்பா ஓட்டுவது பெட்ரோல் டேங்கர்.

மூன்று புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை. ஒருவேளை பையில் வைத்து மறந்திருப்பார். அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. எண்ணூர்ப் பக்கக் காற்று, துணியெல்லாம் சாம்பல். இரண்டாவது தடவை அலசினேன்.

சாயங்காலம் தாஸ் மாமா வந்தார். கன்டெய்னர் யார்டில் வேலை, அப்பாவுடைய தோஸ்து. ஆள் வந்தால் நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் போய்விடுவேன், எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து கேட்டது.

"உள்ள எப்டிண்ணே சமாளிக்கிற? லோடு ஏத்தறதுக்குள்ள பாதி நாளு பூடுமே."

"உள்ளயே இஸ்துக்கினுதான் கீறேன். கண்ணாடிய ஏத்திக்கினா யாருக்குத் தெரியப்போவுது."

"அண்ணே, பெட்ரோல் டெர்மினலாச்சே அது!"

"இது இன்னா பீடியாடா? தீக்குச்சி கீதா? நெருப்பு கீதா? ஆவி. இட்லி குண்டான்ல வருதே, அது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கேட்ல குடுத்துட்டுப் போயேன்."

"இன்னான்னு குடுக்க? பீடி, தீப்பெட்டின்னா டோக்கன் போட்டு வாங்கி வச்சுப்பான். இத்தக் குடுத்தா என்னியும் சேத்து டேசன்ல குடுத்துருவான்."

"டீக்கடைல?"

"கேட்டேனே. ரெய்டு வந்தா கடைய நீ வந்து தொறப்பியான்றான்."

அப்புறம் மெதுவாக, "பன்னெண்டு இருந்தசொல்லோ தாங்குச்சுடா. இந்த ஆறு சப்பையா கீது. அர மணிக்கு ஒருதபா கை தேடுது" என்றார்.

6-க்கு மாற்றலாம் என்று சொன்னது நான். தேதி குறித்ததும் நான். அப்பா இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார். நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

போகும்போது தாஸ் மாமா இன்னொன்றும் சொன்னார். பாட்டில் கொடுக்கிறவனைப் போலீஸ் பிடித்துவிட்டதாம். இனி கொஞ்ச நாளைக்கு ஒன்றும் வராது. பீரோ மேலே எட்டிப் பார்த்தேன். 12 காலி. 6 மட்டும்தான்.

நவம்பர் 8, சனி

ஃபால்ஸ் முடித்தேன். ஒன்று கோணல், பிரித்து மறுபடி.

மத்தியானம் எண்ணெய்க் கம்பெனிப் பக்கமிருந்து சைரன். கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டு அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி பேயறஞ்ச மாரி நிக்கிற? டெஸ்ட்டு வுடறான்டி. மாசாமாசம் வுடறது."

தெரியும். பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ஆனாலும் வானத்தைப் பார்த்தேன். புகை வருகிறதா என்று.

ஒருமுறை அப்பா லைசென்ஸை மறந்துவிட்டுப் போனார், நானும் அம்மாவும் லோடு ஏற்றுகிற டெர்மினலுக்குக் கொண்டுபோனோம். கேட்டில் ஒவ்வொரு டிரைவரையும் தடவிப் பார்த்தார்கள். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். செல்போன்கூட உள்ளே போகக் கூடாது. சாப்பாட்டுப் பையை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. லாரியின் புகைக்குழாயில் பொறி பறக்காமலிருக்க ஒரு மூடி மாட்டினார்கள். ஒரு பொறிக்கு அவ்வளவு பயப்படுகிற இடம்.

அப்பாவிடம் சொல்லணும். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். "ப்பா, அது ஆவி இல்ல." நன்றாக வந்தது. அப்பா வந்ததும், "ப்பா" என்றேன். "இன்னா கண்ணு?" என்றார். "சோறு போடட்டா" என்று கேட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை. பிரசங்கத்தில் ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. முழங்காலில் நிற்கும்போது ஒரே வேண்டுதல்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன், மீன் ஆயும்போது. கத்தி நின்றது. "கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலையும் பூடும்டி." செதிலைத் தள்ளிவிட்டு, "அந்த மெல்ற மாத்திரைய மறுபடி வாங்கினு வரட்டுமா?"

சூயிங்கம் மாதிரி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும், அதிலும் நிகோடின். முதலில் அதைத்தான் முயற்சி செய்தோம். அப்பாவுக்கு மேல்வரிசை பல் செட்டு. மென்ற முதல் நாளே கம் ஒட்டிக்கொண்டு செட்டோடு கையில் வந்துவிட்டது. "சிகரெட்ட வுடச்சொன்னா பல்ல வுடச்சொல்றியே" என்றார். அன்றைக்கு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரவில்லை. டாக்டரிடம் வேறு ஏதாவது கேட்கலாம். லீவு போட்டால்தான் போக முடியும்.

கேட்டில் இருக்கிறவர்களிடம் நானே போய்ச் சொல்லிவிடலாமா. அப்பாவைப் பிடித்துக் கொடுக்கிற பெண்.

நவம்பர் 10, திங்கள்

பேனாவை ஒளித்து வைத்தேன். தைக்க வந்த புடவை அடுக்குக்குள்.

"பாப்பா, பேனா எங்கமே?"

"தெரியலப்பா."

சார்ஜர் ஒயரைத் தூக்கிப் பார்த்தார். பாய்க்கு அடியில் பார்த்தார். நேரமாகிவிட்டது, போய்விட்டார். பகல் பூராவும் நிம்மதி. இரண்டு புடவை முடித்தேன். சைரன் வந்தால்கூட பயந்திருக்க மாட்டேன்.

சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் உட்காராமல் வாசப்படியில் உட்கார்ந்தார். அப்போதே தெரிந்தது. அந்தப் பழைய வாசனை. சட்டையில், மீசையில்.

"ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு. லைன்ல நிக்கசொல்லோ தல சுத்துச்சு. கைகாலெல்லாம் ஒதறுது, ஸ்டேரிங்கு புடிக்க முடியல."

அம்மா விடவில்லை. "யோவ், மூக்குல மாஸ்க்க மாட்டிக்கினு கெடந்தியே, மறந்துட்டியா? இந்தப் பொண்ணு படிப்ப வுட்டுட்டு ஒன் பக்கத்துல குந்திக்கினு இருந்துச்சே, அதுவும் மறந்துபோச்சா?"

"மறக்கலமே" என்றார் அப்பா. சத்தமே இல்லை.

அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு இருமினார். தண்ணீர் சத்தத்தில் கேட்காது என்று நினைக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அந்த மாஸ்க்குக்குள் அவர் மூச்சு வெள்ளையாகப் படியும், மறையும். அது மறுபடி படிகிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்பதாவது பரீட்சை அப்போது போனது. அடுத்த வருஷம் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கம், அப்படியே நின்றுவிட்டேன். அதற்கு வருத்தமில்லை. அந்த மாஸ்க் மறுபடி வேண்டாம்.

பேனாவை எடுத்து, அது எப்போதும் கயிற்றில் தொங்குகிற ஆணியில் மாட்டினேன். அப்பா பார்த்தார்.

ஒளித்து வைத்தால் சிகரெட். கொடுத்தனுப்பினால் டெர்மினல்.

நவம்பர் 11, செவ்வாய்

விடாத மழை. வண்டி இல்லை, அப்பா வீட்டில். கடல் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பஜ்ஜி போட்டேன்.

பேனாவுக்குள் சூடாகிற கம்பிச்சுருளை, காயில் என்பார்கள், மாற்ற வேண்டியிருந்தது, கருகிய ருசி வருகிறதாம். பழையதைக் கழற்றப்போகும்போது, இதுதான் சமயம் என்று தோன்றியது. வாய் வராவிட்டால் என்ன, கண் இருக்கிறதே.

"ப்பா, இங்க வந்து பாரேன்."

காய்ந்துபோன பழைய காயிலோடு பட்டனை அழுத்தினேன். உள்ளே கம்பி சிவந்தது. முதலில் லேசாக, பிறகு அடுப்பு மாதிரி. ஃபால்ஸ் நூல் ஒரு துண்டு எடுத்து அதன்மேல் வைத்தேன். நுனி கறுத்தது. ஒரு சின்னப் பொறி ஊர்ந்து மேலே வந்தது.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறி என் விரலைத் தொடுவதற்கு முன் நூலை வாங்கித் தன் விரலால் நசுக்கி அணைத்தார்.

"இட்லி குண்டான் இல்லப்பா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஸ்கூல்ல வுட்டிருந்தா சயின்டிஸ்ட்டு ஆயிருப்பமே நீ" என்றார். சிரிக்கப் பார்த்தார். "நாளைலேர்ந்து வூட்லயே வச்சிட்டுப் போறேன். போதுமா?"

தலையாட்டினேன். பஜ்ஜி இரண்டு கூடச் சாப்பிட்டார். நானும்.

நவம்பர் 12, புதன்

மழை விட்டது. ரோடெல்லாம் தண்ணீர். காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அப்பா கிளம்பியிருந்தார். ஆணி காலி.

பாயைத் தூக்கிப் பார்த்தேன். பீரோ மேலே பார்த்தேன். அவர் சட்டைப் பைகளெல்லாம் பார்த்தேன். இல்லை. அம்மா இறால் கம்பெனிக்குப் போயாகிவிட்டது.

கோபம் வரவில்லை. மனதார வைத்துவிட்டுப் போகத்தான் நினைத்திருப்பார். கை எடுத்திருக்கும்.

வீட்டைப் பூட்டினேன். சுடிதாரில் கோலமாவு, மாற்றவில்லை. தனியாக நான் போகிற இடம் கோயிலும் புடவைக்கடையும்தான். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எங்கே இறங்கணும் என்று கேட்டபோது முதல் தடவை சத்தம் வரவில்லை, இரண்டாவது தடவை வந்தது. எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள் நகரவில்லை. இறங்கி நடந்தேன். சேறு. டேங்கர் டிரைவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு வண்டி நம்பர்களை மட்டும் பார்த்துப் போனேன். உள்ளே போயிருந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே இல்லை.

அப்பாவின் வண்டி கேட்டுக்கு மிக அருகில், முன்னால் இரண்டு மூன்று வண்டிகள். படியில் ஏறிக் கண்ணாடியைத் தட்டினேன்.

"இன்னாமே! அம்மாக்கு இன்னா ஆச்சு?"

"அம்மாக்கு ஒண்ணும் ஆவல. பேனாவக் குடு."

அப்பாவின் முகம் மாறியது. "கத்தாத கண்ணு."

"நான் வெளில வச்சினு இருக்கேன். நீ லோடு ஏத்தினு வந்து வாங்கிக்க."

"சாயங்காலம் ஆவும்மே. எங்க ஒக்காருவ நீ?"

"டீக்கடைல."

"நீயா? அங்க எல்லாம் ஆம்பளைங்க. போலீஸ்காரன் வேற வருவான். ஒன் கைல பாத்துட்டா?"

பின்னால் ஹார்ன். இன்னொரு டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "இன்னா அந்தோணி, ரேஷன் கடையா இது, நின்னுகினு கத பேச? வண்டிய எடு நைனா!"

படியை விட்டு இறங்காமல் சொன்னேன். "பயமாத்தான் கீது. நீ அத்த உள்ள எடுத்துனு போறது அதவிட பயமா கீது."

அப்பா என்னைப் பார்த்தார். முன்னால் இருந்த வண்டி கேட்டுக்குள் நுழைந்தது. மறுபடி ஹார்ன். சாப்பாட்டுப் பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்ததை எடுத்தார். என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நானே வந்து கூட்டினு போறேன். எங்கியும் போவாத."

"போவல."

இறங்கினேன். கேட்டில் அவரைத் தடவிப் பார்த்தார்கள். ஷூவைக் கழற்றினார், மாட்டினார். செல்போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வண்டி உள்ளே போனது.

டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆட்கள். பேச்சு நின்றது. கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, யாரு வோணும்?"

துப்பட்டாவுக்குள் கையை இறுக்கிக்கொண்டேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு டீ சொன்னேன்.